சங்குக்கு ஊளையிடாத நாய்

தூலோன், பிரான்சு
12 அக்டோபர் 1981

அன்புத் தங்கை தனக்கொடிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். மகன் இராமதாஸ் விமான நிலையத்துக்கே வந்து அழைத்துக்கொண்டான். முழங்கால் ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அது ஆறி, நான் ஒழுங்காக நடந்து ஊர் திரும்பச் சித்திரை ஆகிவிடும் என்கிறான். மருமகள் சந்திரகலா நன்றாகத்தான் கவனிக்கிறாள். என்ன, இந்த வீட்டில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். இந்த ஊர்க் குளிரில் தொண்டை சுருங்கிவிடும் போலிருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். என் நாய் கப்ராலை உன் வீட்டில் விட்டுவந்தது, உனக்கு ஒரு காவலாக இருக்கட்டும் என்றுதான். மாப்பிள்ளை தவறிய பிறகு நீ தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் பயிற்சி கெடக்கூடாது. குட்டியாக வந்த நாளிலிருந்து உழைத்திருக்கிறேன். உத்தரவெல்லாம் பிரெஞ்சில்தான். ‘அஸ்ஸி’ என்றால் உட்கார வேண்டும். ‘கூஷே’ என்றால் படுக்க வேண்டும். ‘ரெஸ்த்’ என்றால் தலை போனாலும் நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது. ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் பிரம்பைக் காட்டு, சங்கிலியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். சோறு தட்டில் வைக்க வேண்டும், கையால் ஊட்டாதே. இராமதாசைச் சின்ன வயதில் கெடுத்ததே நீதான் என்பதை நான் மறக்கவில்லை.

அவன் சாதாரண நாய் இல்லை. ஊரை விட்டுப் போன வெள்ளைக்கார அம்மாள் கொடுத்துவிட்டுப் போன ஜாதி நாய். மில் சங்கு ஊதினால் தெரு நாயெல்லாம் வானத்தைப் பார்த்து ஊளையிடுகின்றனவே, கப்ரால் ஒரு நாளாவது ஊளையிட்டுக் கேட்டிருக்கிறாயா? அதற்குப் பெயர்தான் ஒழுங்கு. என்னைப்போல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தாக்கள் கூடுகிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு குறை. தெருவில் அவிழ்த்துவிட்டால், எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். அவ்வளவு திமிர். நான் புறப்படும் முன்புகூட சைக்கிள் ரிக்‌ஷாவில் அடிபட இருந்தான். உன்னால் சமாளிக்க முடியாது என்று தெரிந்தால் சொல். பட்டாளத்தில் என்னோடு இருந்த ராஜாங்கம் கனகசெட்டிக்குளத்தில் சவுக்குத் தோப்பு வைத்திருக்கிறான். அவன் வந்து கூட்டிப்போய்த் தோப்பில் கட்டிப்போடுவான். எப்படியும் தை பிறந்ததும் உன்னை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்,
தணிகாசலம்


முதலியார்பேட்டை, புதுச்சேரி
2 நவம்பர் 1981

அண்ணனுக்கு,

உங்கள் கால் நல்லபடியாக ஆகவேண்டும் என்று மணக்குள விநாயகருக்குத் தேங்காய் உடைத்துவிட்டேன். இனி உங்கள் நாயைப் பற்றி.

நீங்கள் சார்ஜண்டாக ஓய்வு பெற்றீர்கள் என்று, நாய்க்கு ஒரு படி கீழே கப்ரால் என்று பெயர் வைத்தீர்கள். அந்தக் கணக்கில் நான் என்ன பதவி என்று தெரியவில்லை, என்னை அவன் சல்லிக்காசுக்கு மதிக்கவில்லை. வாசலில் நின்று ‘அஸ்ஸி, அஸ்ஸி’ என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் வெளியே வந்து, “இன்னாடி தனக்கொடி, காலங்காத்தால எத ஏலம் போடற?” என்கிறாள். விசில் ஊதினேன். தெருவிலிருந்த நாயெல்லாம் வந்து வரிசையாக நின்றன, நம்முடையதைத் தவிர.

பிரம்பையும் காட்டினேன். காட்டியதும் சுவரோடு ஒட்டி உடம்பைக் குறுக்கிக்கொண்டான். தரையெல்லாம் ஈரம். அண்ணா, அன்றைக்கே அந்தப் பிரம்பைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டேன். திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

கையால்தான் ஊட்டுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் போன பிறகு இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடவே எனக்கு மனசு வந்ததில்லை. மில்லிலிருந்து வந்து நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். இப்போது எதிரில் ஒருத்தன் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய் என்று வயிறு நிறைகிறது. அவன் கொஞ்சம் பருத்துவிட்டான், கட்டில்மேலும் ஏறுகிறான். இருந்தாலும் ராஜாங்கத்தை மட்டும் அனுப்பாதீர்கள். அவனைக் கொடுக்க என்னால் ஆகாது.

தங்கை,
தனக்கொடி


தூலோன்
21 நவம்பர் 1981

தனக்கொடிக்கு,

ஆபரேஷன் முடிந்தது. கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

நாய் கேட்காததற்குக் காரணம் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. உன் உச்சரிப்பு. ‘ரெஸ்த்து’ என்று மீன்காரியைக் கூப்பிடுவதுபோல் சொல்லியிருப்பாய். அவன் பிரெஞ்சுக்காரி வீட்டில் பிறந்தவன். அந்தச் சொல் அவன் காதில் பிரெஞ்சாக விழ வேண்டும். மாதா கோயிலுக்குப் பின்னால் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் மதாம் பிலோமின் இருக்கிறார். என் பெயரைச் சொல்லிப் போய், நாலைந்து சொற்களை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொள்.

பிரம்பைப் பரணில் போட்டதற்குத் திட்டமாட்டேன். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள். கண்டிப்பு என்றால் வெறுப்பு இல்லை. நான் பட்டாளத்தில் சேர்ந்தபோது மொழி தெரியாது, குளிர் தாங்காது, என்ன செய்தால் அடி விழும் என்றும் தெரியாது. ஒழுங்கான உத்தரவு கொடுக்கிற ஒரு அதிகாரி வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். இன்று அதட்டி நாளைக்குக் கொஞ்சினால் நாய் குழம்பிப்போகும். கட்டிலில் ஏற விடுவது அன்பு இல்லை. நாளைக்கு உன் பேச்சைக் கேட்காமல் தெருவில் ஓடி அடிபட்டால், அந்த அன்பு அவனுக்கு என்ன செய்யும்?

ராஜாங்கம் தையில் வருவான். அதற்குள் அவன் உன் சொல்லுக்கு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தோப்புக்குத்தான்.

தணிகாசலம்


முதலியார்பேட்டை
20 டிசம்பர் 1981

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

மதாம் பிலோமினிடம் போனேன். “நாய்க்காகவா பிரெஞ்சு படிக்க வந்தே?” என்று சிரித்தவர், சிறுபிள்ளைகளோடு என்னையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். வாயைக் குவி, மூக்கில் விடு, தொண்டையில் பிடி என்று ஒரே பாடு. மில்லில் பக்கத்து மெஷினில் நிற்கும் சின்னப்பாப்பா என் வாய் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, பல்வலியா என்று கையாலேயே கேட்டாள். ஒருவழியாக மதாம், “இப்ப நீ பாரிசுக்குப் போய்ச் சொன்னாலும் ஒரு நாய் உக்காரும்” என்று ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வந்து சொன்னேன். நம் நாய் உட்காரவில்லை.

மதாமுக்கே ரோஷம் வந்துவிட்டது. போன ஞாயிறு பூசை முடித்து நேராக நம் வீட்டுக்கு வந்தார். கப்ரால் முற்றத்தில் சுவரிலிருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதாம் அவன் பின்னால் நிமிர்ந்து நின்று “அஸ்ஸி!” என்றார். எனக்கே உட்காரலாம் போலிருந்தது. அவன் பல்லியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இன்னும் ஓங்கிச் சொன்னார். “எனக்கே பிரெஞ்சு மறந்துபோச்சா?” என்று அவர் முகம் சிவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பூனை ஒன்று மேடையிலிருந்த எவர்சில்வர் குடத்தைத் தள்ளிவிட்டது. குடம் கப்ராலுக்குப் பின்னால் விழுந்து முற்றமே அதிர உருண்டது. மதாம் சிலுவை போட்டுக்கொண்டார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவன் மட்டும் திரும்பவே இல்லை. குடம் உருண்டு வாலில் பட்ட பிறகுதான் துள்ளிக் குதித்தான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு தட்டை மோதினார், விசில் ஊதினார். “பொறவிலேயே கேக்காதும்மா. இந்த வெள்ளத் தோலு ஜாதியில செலதுக்கு அப்படித்தான். இத்தினி நாளா தெரியலியா?” என்றார்.

தெரியவில்லை, அண்ணா. உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சங்குக்கு அவன் ஊளையிடாதது இதனால்தான். தெருவில் கூப்பிட்டுத் திரும்பாததும் இதனால்தான். வீட்டுக்கு வந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். நான் ஏன் அழுகிறேன் என்று தெரியாமல் அவன் என் முகத்தை நக்கினான்.

உத்தரவைக் கேட்காவிட்டால் தோப்புக்கு என்றீர்கள். கேட்க முடியாதவனை எப்படி அனுப்புவீர்கள்? ராஜாங்கத்துக்கு வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

தனக்கொடி


தூலோன்
4 ஜனவரி 1982

தனக்கொடிக்கு,

என் நாய்க்குக் காது கேட்கும். நான் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான், படுக்கச் சொன்னால் படுத்தான். செவிட்டு நாய் உத்தரவுக்கு எப்படி உட்காரும்? மாட்டு டாக்டர் தட்டைத் தட்டினாராம், இவள் நம்பினாளாம். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டு, அதை மறைக்க அவன்மேல் ஊனத்தைச் சுமத்தாதே. காது கேட்கவில்லை என்று இப்படி எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள்.

ராஜாங்கம் வந்தால் சங்கிலியோடு ஒப்படைத்துவிடு. இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

தணிகாசலம்


முதலியார்பேட்டை
31 ஜனவரி 1982

அண்ணனுக்கு,

எழுத ஒன்றும் இல்லை என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். எனக்கு நிறைய இருக்கிறது. கோபம் ஆறட்டும் என்றுதான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை.

நீங்கள் சொன்னது பொய் என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு அவன் உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதை நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் உங்கள் கை ஞாபகம் வந்தது. ‘அஸ்ஸி’ என்னும்போது உங்கள் வலது கை தானாகக் கீழே இறங்கும். ‘ரெஸ்த்’ என்னும்போது உள்ளங்கை விறைப்பாக அவன் முகத்துக்கு நேரே நிற்கும். பட்டாளத்துக் கை அப்படித்தான் போலிருக்கிறது. அவன் பிரெஞ்சைக் கேட்கவில்லை, அண்ணா. உங்கள் கையைப் பார்த்தான். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாரிஸ் உச்சரிப்பில் கத்தினால் அவனுக்கு என்ன தெரியும்?

அது புரிந்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. நூல் சுற்றும் டிபார்ட்மெண்டில் மெஷின் ஓடும்போது யார் வாயால் பேசுகிறார்கள்? எத்தனை வருஷமாக நானும் சின்னப்பாப்பாவும் கையாலேயே எல்லாம் பேசுகிறோம். யார் வீட்டில் சண்டை, யார் மகளுக்கு வரன் வந்தது, இன்று என்ன குழம்பு, எல்லாமே கைதான். அதையே அவனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். தரையை ஓங்கி மிதித்தால் அதிர்வு தெரிந்து திரும்புகிறான். திரும்பியதும் மணிக்கட்டை நெஞ்சுப் பக்கம் மடக்கினால் வருகிறான். உள்ளங்கையைக் காட்டினால் நிற்கிறான். மேஸ்திரி வருகிறார் என்பதற்கு எங்கள் கை, மேலுதட்டில் மீசை முறுக்குவது. அதைக் காட்டினால் மோவாயைத் தரையில் வைத்துச் சத்தமில்லாமல் படுத்துவிடுகிறான். நீங்கள் வந்து வழக்கம்போல் மீசையை முறுக்கினாலே படுத்துவிடுவான், உங்கள் மரியாதைக்கு ஒரு குறையும் வராது.

ஆனால் நான் பெருமையடிக்க எழுதவில்லை. போன ஞாயிறு நடந்ததைக் கேளுங்கள். மீன் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன், கூடவே அவனையும் கூட்டிப்போனேன். கூட்டத்தில் யாரோ இடிக்க, கயிறு கையிலிருந்து நழுவிவிட்டது. அவன் ரோட்டில் இறங்கிவிட்டான். காய்கறி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே வருகிறது. ஊரெல்லாம் அவனைப் பார்த்துக் கத்துகிறது. எனக்கு உயிரே இல்லை. அந்த நேரத்தில் அவன் ஒரு தடவை திரும்பி என்னைத் தேடினான். நான் உள்ளங்கையை உயர்த்தினேன். அப்படியே நின்றான். லாரி அவன் மூக்குக்கு முன்னால் போயிற்று.

அதற்குப் பிறகுதான் விஷயம். லாரிக்கு வழிவிட்ட கலவரத்தில் ஒரு அம்மாள் தலைச்சுமை மீன்கூடை கவிழ்ந்து, மீனெல்லாம் அவன் காலடியில் கிடக்கிறது. குனிந்து மோந்துகூடப் பார்க்கவில்லை. நான் ரோட்டைக் கடந்து போய்த் தொடுகிற வரை என் கையையே பார்த்தபடி நின்றான். “நாய்க்கு இன்னா ரோஷம் பாரு” என்றாள் மீன்காரம்மா.

தலை போனாலும் அசையக்கூடாது என்று எழுதினீர்களே, அந்தப் பாடம் நீங்கள் கொடுத்தது. நான் மட்டும் வளர்த்திருந்தால் மீனுக்கு நாக்கை நீட்டிக்கொண்டே லாரிக்கு அடியில் போயிருப்பான். நீங்கள் மட்டும் வளர்த்திருந்தால் திரும்பி முகத்தைத் தேடியிருப்பானோ என்னவோ, பயந்து ஓடியிருப்பான். அந்தப் பொறுமையை அவனுக்குள் வைத்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறேன். மார்க்கெட்டு நடுவில் நின்றுகொண்டே அதைத்தான் நினைத்தேன். கட்டிலில் ஏறுவதையும் இப்போது நிறுத்திவிட்டேன், நீங்கள் சொன்னது சரிதான்.

ராஜாங்கம் பொங்கல் கழிந்து வந்தார். காது கேட்காது என்றதும் தலையைச் சொறிந்தார். “தோப்புக்கு ஆள் வந்தா கொரைக்கணுமேம்மா. ஆனா அண்ணன் சொன்னாரே” என்றார். உங்கள் வார்த்தையைத் தட்ட அவருக்குப் பயம். மாசி மகம் கழித்து வருகிறேன், அதற்குள் அண்ணனைக் கேட்டு வை என்று போயிருக்கிறார். முடிவு உங்கள் கையில். அவனைச் சவுக்கு மரத்தில் கட்டிப்போட்டால், யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரியாமல் சாகிற வரை பயந்துகொண்டே இருப்பான். நானும் பழையபடி நின்றுகொண்டே சாப்பிடுவேன். உங்கள் நாய், உங்கள் உரிமை. கெஞ்சிக் கேட்கிறேன், அனுப்பாதீர்கள்.

தனக்கொடி


தூலோன்
19 பிப்ரவரி 1982

கொடி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய்க் கடலோரம் உட்கார்ந்துவிட்டேன். இங்கேயும் ஒரு கடல் இருக்கிறது, அலைதான் கிடையாது. கால் வலியில்லாமல் அவ்வளவு தூரம் நடந்தது அன்றைக்குத்தான்.

ராஜாங்கத்துக்கு எழுதிவிட்டேன். கப்ரால் எங்கேயும் போகமாட்டான். பரண்மேல் இருக்கும் பிரம்பை எடுத்து அடுப்பில் வை.

போன கடிதத்தை நான் ஏன் அப்படி எழுதினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். கால் பார்க்கிற டாக்டர், அவர் எது கேட்டாலும் நான் தலையை ஆட்டுவதைக் கவனித்துவிட்டுக் காது டாக்டரிடம் அனுப்பினார். ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் காதில் ஏதோ மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். நான் காத்துக்கொண்டே இருந்தேன், சோதனை எப்போது ஆரம்பிக்கும் என்று. முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்தார்கள். இடது காது போய்விட்டதாம். வலது காதும் போய்க்கொண்டிருக்கிறதாம். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றதற்குச் சம்பளம். மருமகள் பாவம், ஒரு நாளும் வாய்க்குள் பேசியதில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்தால், நாய்க்குக் காது கேட்காது என்று உன் கடிதம் காத்திருக்கிறது. யார்மேல் எரிந்துவிழுவது என்று தெரியாமல் உன்மேல் விழுந்தேன்.

நீ எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கொடி, ஆனாலும் சொல்கிறேன். அவனைப் புரிந்துகொண்டதற்கு நன்றி. அடிபடாமல் காப்பாற்றியதற்கு நன்றி. என் கோபத்துக்குப் பயந்து அவனை ஒப்படைத்துவிடாமல் இருந்தாயே, அதற்கு எல்லாவற்றையும்விட நன்றி.

இனி அவன் உன் நாயாகவே இருக்கட்டும். இராமதாஸ் என்னை இங்கேயே தங்கிவிடச் சொல்கிறான். அதுவே சரி என்று தோன்றுகிறது. காது கேட்காத கிழவனாக ஊருக்கு வந்து, மாடி வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு, கதவைத் தட்டுவதுகூடத் தெரியாமல் இருந்து என்ன பயன்? எல்லார் முன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு இருக்க வெட்கமாக இருக்கிறது. இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

அண்ணன்,
தணிகாசலம்


முதலியார்பேட்டை
14 மார்ச் 1982

அண்ணா,

மகம் முடிந்து, சொன்னபடி ராஜாங்கம் வந்தார். உங்கள் கடிதம் தனக்கும் வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். “நல்லவேள, சங்கிலியோட வந்து நிக்கிற பாவத்துலேருந்து தப்பிச்சேன்” என்றார். அவருக்குச் சோறு போட்டேன். கப்ரால் அவர் காலடியிலேயே படுத்திருந்தான். நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்காக ஆயுசுக்கும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் நாய் உன்னுடையது, நான் வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு பங்கு எனக்கு வேண்டாம். ஒருத்தனை வாங்கிக்கொண்டு ஒருத்தரை இழக்க நான் கேட்டேனா?

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். எனக்கு வலது காது பாதிதான். மில்லில் இத்தனை வருஷம் நின்றவர்களில் யாருக்கு முழுக் காது இருக்கிறது? சின்னப்பாப்பாவுக்கு அதுவும் இல்லை. ஆனால் எங்களுக்குள் ஒரு நாளாவது பேச்சு நின்றதா? ஒருவரையொருவர் வைதுகொள்வதைக்கூடக் கையாலேயே வைதிருக்கிறோம். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? வேலை செய்த உடம்பு, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்காரரிடம் மாடியைக் காலி செய்வதாக நானே சொல்லிவிட்டேன். கேட்காமல் செய்ததற்குக் கோபம் வந்தால், நேரில் வந்து கோபப்படுங்கள். சாமான்களைக் கொண்டுவந்து முன் அறையில் அடுக்கிவிட்டேன். நாள் கிழமைக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் போய்விட்டு வாருங்கள், நான் தடுக்கமாட்டேன். மற்ற நாளெல்லாம் இங்கே இருங்கள். தெருவில் யார் வந்தாலும் கப்ரால் முதலில் பார்ப்பான். நான் பாதி கேட்பேன். நீங்கள் அதட்டுங்கள். மூன்று பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் தேறாதா?

டிக்கெட் போட்டதும் எழுதுங்கள். அன்றைக்கு உங்களுக்கும் சேர்த்து உலை வைக்கிறேன்.

தங்கை,
தனக்கொடி